சலூன் நாற்காலியில் உடனே உட்காரவும்

அன்புக்குரிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நீயும் அப்போது கடையில்தான் இருந்தாய். கீழே விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாய். என்னைத் தன் சலூன் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, முகமெல்லாம் நுரை பூசி, சவரக் கத்தியைத் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “மாப்பிள்ளை, எம்பொண்ணு வீட்டுல எதையாவது பிரிச்சுப் போட்டா கோவப்படுவீங்களா?” என்றார். தொண்டையில் கத்தி இருக்கும்போது கோபப்படுவேன் என்று சொல்லக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. தலையாட்டவும் வழியில்லை. “ம்ஹூம்” என்றேன். அந்த ஒரு “ம்ஹூம்” எவ்வளவு பெரிய வாக்குறுதி என்பது நாங்கள் இருவரும் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அவளுக்கு உற்சாகம் கூடியிருக்கிறது. இந்த இரண்டில் எது கவலைப்பட வேண்டிய செய்தி என்பதைக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகு நீயே முடிவு செய். அங்கே நீயும், எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவியும், பிள்ளைகளும், முக்கியமாக உன் வீட்டு முன்னறையில் இருக்கும் அந்தச் சலூன் நாற்காலியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நாற்காலியையெல்லாம் நலம் விசாரிக்கிறாரே, அத்தானுக்கு வயதாகிவிட்டது என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரிக்காதே. விஷயம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா அங்கே வருகிறாள். வருவது உன்னைப் பார்க்க அல்ல.

இத்தனை வருடம் வகுப்பெடுத்த பழக்கத்தில் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் அக்கா மின்கட்டணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் மற்றவர்களைப் போல டிவியில் தொடர் பார்ப்பாள், தொட்டியில் செடி வளர்ப்பாள் என்று எல்லோரும் நினைத்தோம். மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது மேசை விசிறி தரையில் ஐந்தாறு பாகங்களாகக் கிடந்தது. “ரிப்பேரா?” என்றேன். “நல்லாத்தான் ஓடுது” என்றாள். நன்றாக ஓடுகிற விசிறியை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அந்த “ம்ஹூம்” நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அந்த விசிறி மறுபடியும் சுழன்றது. இறக்கைகளுக்குப் பதிலாக எங்கள் வீட்டுக் கரண்டிகள். காற்று வரவில்லை. ஆனால் சுழலும்போது பக்கத்து அறையில் ஒரு பெரிய குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பது போலச் சத்தம் வந்தது. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கையாலேயே சாப்பிட்டு, கையாலேயே பரிமாறி, அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் பிறந்திருக்காது.

நிறுத்தவில்லை. என்றைக்காவது கார் வாங்குவோம் என்ற நம்பிக்கையில் கட்டிய பின்பக்கத்து ஷெட்டை அவள் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் போய்க் கற்கவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், கம்பி, பசை, அப்புறம் அவளுடைய பிடிவாதம், இவ்வளவுதான் பள்ளிக்கூடம். அங்கே என்னென்ன பிறந்தன என்பதற்கு உதாரணம் சொல்லாவிட்டால் உனக்கு விளங்காது. நான் புதுப் பல்செட் கட்டிக்கொண்டபோது பழையதை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். அது இப்போது ஒரு தட்டச்சு இயந்திரத்துக்குள் இருக்கிறது. எழுத்தை அழுத்தினால் காகிதத்தில் ஒன்றும் பதியாது. உள்ளே என் பற்கள் சிரிக்கும். வேகமாகத் தட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கும். என் சிரிப்பை இன்னொருவர் தட்டிக் கேட்பதைப் பார்ப்பது எவ்வளவு சங்கடம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வகுப்பில் நான் வைத்துச் சுழற்றிக் காட்டிய பூமி உருண்டை இரண்டாகத் திறந்து, உள்ளிருந்து குழந்தைச் செருப்பு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடுகிறது. “இது என்னம்மா?” என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும்? கனவுல வந்துச்சு, செஞ்சேன்” என்கிறாள். கனவில் வந்ததையெல்லாம் செய்வதென்றால், எனக்கும் பரீட்சை ஹாலில் உள்ளாடையோடு நிற்கிற கனவு வாராவாரம் வருகிறது, நான் செய்கிறேனா?

அப்புறம் அந்த பட்டன் குழாய். ஷெட் சுவரில் ஒரு பழைய பித்தளைக் குழாயைப் பொருத்தி, அதிலிருந்து தண்ணீருக்குப் பதிலாகச் சட்டைப் பட்டன்கள் ஒவ்வொன்றாகச் சொட்டுவது போல ஒரு பொறி செய்திருந்தாள். எல்லாம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் பட்டன்கள். அந்தச் சமயம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரச் சொல்லியிருந்தேன். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டுப் பெருமிதமாக நின்றார். “சார், சமையலறைக் குழாய் சின்ன வேலை. பின்னால ஒண்ணுதான் ரொம்பப் படுத்திடுச்சு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கு பார்த்ததில்ல. அடைச்சுட்டேன். இனிமே ஒரு பட்டன்கூடச் சொட்டாது!” உன் அக்கா வந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவளோ, “எதை வெச்சு அடைச்சீங்க?” என்று கேட்டாள். அவர் விளக்கினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மாலை வரை வாஷர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தவன் நான்.

பொருள்கள் போகும் வேகத்தைப் பார்த்து ஒருநாள் நான் நியாயம் கேட்டேன். அவள் ஒரு சட்டம் போட்டாள். “ஒரு வருஷம் யார் கையும் படாத சாமான் எனக்கு. கை பட்டா உங்களுக்கு. சரியா?” கேட்க நியாயமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொண்டேன். அன்று முதல் காலையில் எழுந்ததும் என் முதல் வேலை வீட்டைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொடுவது. கேமராவைத் தொடுவேன், என் அப்பாவின் கைத்தடியைத் தொடுவேன், இறகுப்பந்து மட்டையைத் தொடுவேன், பெட்டிமேல் ஏறி அலமாரி உச்சியில் இருக்கும் பைனாகுலரைத் தொடுவேன். பால்காரர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “சாருக்கு என்ன வேண்டுதல்?” என்று உன் அக்காவிடம் விசாரித்திருக்கிறார். உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்தச் சுற்று எனக்குப் பிடித்துப் போய்விட்டது. ஒவ்வொன்றையும் தொடும்போது ஒரு பழைய நாள் கைக்கு வரும். மட்டையைத் தொட்டால் நீயும் நானும் மொட்டை மாடியில் விளையாடி, பந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த மாலை. கைத்தடியைத் தொட்டால் என் அப்பா அதை ஊன்றாமல் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிற நடை.

உன் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். “சும்மா தொட்டா ஆச்சா? பயன்படுத்தணும்” என்று சட்டத்தைத் திருத்தினாள். வேறு வழியில்லாமல் தினமும் தனியாக இறகுப்பந்து ஆடினேன். அடித்துவிட்டு வலையின் அந்தப் பக்கம் ஓடுவதற்குள் பந்து விழுந்துவிடும். பிறகு மொட்டை மாடிக்குப் போய் பைனாகுலரில் பத்து நிமிடம் வானத்தைப் பார்ப்பேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் நேராக வந்துவிட்டார். “சார், பறவை பாக்குறேன்னு சொல்றீங்க. எங்க மாடியில காயுற துணியைத் தவிர அந்தப் பக்கம் வேற எதுவும் பறக்கலையே!” இத்தனை வருடம் மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்ன மனிதன் நான். “அதில்லீங்க, வருஷம் முடியப்போகுது, அதான் பாத்தேன்” என்று உளறினேன். அந்த விளக்கம் விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. உன் அக்கா உள்ளே நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் நானே பைனாகுலரைக் கொண்டுபோய் ஷெட்டில் வைத்துவிட்டேன். அது இப்போது ஒரு பூட்டின் கண்ணாக இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த பிளம்பர் பட்டன் குழாயைத் தன் போனில் படம் பிடித்து, தான் வேலை செய்யும் வீடுகளிலெல்லாம் காட்டியிருக்கிறார். அதில் ஒரு வீடு கலைக்கூடம் நடத்துகிற ஓர் அம்மாவுடையது. அவர் போன வாரம் நேரிலேயே வந்துவிட்டார். தட்டச்சு இயந்திரத்தில் என் பற்களைச் சிரிக்கவைத்துப் பார்த்துவிட்டு, கனவில் வருவது போல இப்படிச் செய்வதற்கெல்லாம் சர்ரியலிசம் என்று பெயர் இருப்பதாகச் சொன்னார். உன் அக்கா, “ஓ, பேரு இருக்கா?” என்றாள், நமக்குத் தெரியாத ஒரு சொந்தக்காரர் ஊரில் இருப்பது தெரியவந்தது போல. அடுத்த மாதக் கண்காட்சியில் ஒரு பெரிய படைப்பு வைக்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். ஷெட் மூலையில் படுக்கை விரிப்பால் மூடிய ஓர் உயரமான உருவம் வருடக்கணக்கில் நிற்கிறது. அது என்ன என்று எனக்கே காட்டியதில்லை. அந்த அம்மா அதைத்தான் கேட்டார்.

“அது முடியல. ஒரு பாகம் குறையுது” என்றாள் உன் அக்கா.

“என்ன பாகம்? நாங்க தேடித் தரோமே.”

“தம்பி வீட்டுல இருக்கு.”

அன்று சாயங்காலம் அவள் உன் வீட்டுக்குப் போன் போட்டுத் தங்கச்சியிடம் பேசினாள். இந்தப் பக்கப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. “பிள்ளைங்க நல்லாப் படிக்கறாங்களா... சரி சரி... அப்பாவோட நாற்காலி இருக்குல்ல, அதுல இப்ப யாரு உக்காருறா?... துணியா?... மடிக்காத துணியா? எவ்வளவு நாளா?... ஓகோ.”

அந்த “ஓகோ”வை நான் அறிவேன். என் பூமி உருண்டை போவதற்கு முன்பும் இதே “ஓகோ”தான் கேட்டது. தங்கச்சி பாவம், வெள்ளந்தியாக உண்மையைச் சொல்லிவிட்டாள். ஒரு வருடமாக அந்த நாற்காலியில் மனிதர் யாரும் உட்காரவில்லை, சலவைத் துணிதான் உட்கார்ந்திருக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. சட்டப்படி அது இப்போது உன் அக்காவுடையது.

“கண்காட்சிக்கு வேற ஏதாவது குடுத்து அனுப்பேன், அந்தப் பல் மிஷின் இல்லையா?” என்று கெஞ்சிப் பார்த்தேன். “அதெல்லாம் கைப்பழக்கத்துக்குச் செஞ்சது. இது ஒண்ணைச் செய்யத்தான் அத்தனையும் செஞ்சு பழகினேன். நாற்காலி வந்தா இது போகும். வரலன்னா கண்காட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம், இப்படியே மூடிக் கிடக்கட்டும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சமாளித்துவிடலாம்.

இருந்தாலும் நான் உன் பக்கம்தான். கடை மூடினதும் மற்ற சாமானெல்லாம் போக, நீ அந்த ஒன்றை மட்டும் சுமைவண்டியில் ஏற்றிக்கொண்டு, அது விழாமலிருக்க நீயும் அதிலேயே உட்கார்ந்து, தெருவெல்லாம் ராஜா மாதிரி போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் அதில் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் அப்பா கடைக்கு வந்து அந்தச் சிவப்பு ரெக்சினில் உட்கார்ந்தேன். கைப்பிடி ஜில்லென்று இருந்தது. உன் அப்பா பின்னால் நின்று பெடலை மிதிக்க மிதிக்க நாற்காலி மேலே போயிற்று. அந்தக் கடையில் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. நிமிர்ந்து பார்க்கிறேன், என் தலைக்குப் பின்னால் ஒரு பெண் முடிவெட்டும் மிஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, கண்ணாடிக்குள் கண்ணாடியாகக் கண்ணுக்கெட்டும் தூரம் வரை அவளே. அத்தனை பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். நான் அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தேன். “தலையைக் குனிங்க சார்” என்று உன் அப்பா இரண்டு விரலால் என் தலையை அமுக்கினார். முடி வளர்வதற்காக மாதத்தை எண்ணிக்கொண்டு காத்திருந்த ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். அந்த நாற்காலி ஷெட்டுக்குள் போய், அதற்கு இறக்கை முளைத்து, கைப்பிடியில் மீன் வால் ஆடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டுமா, சொல்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார். பேப்பர் அதிலேயே படி, சாப்பாட்டை அதிலேயே சாப்பிடு. நீ வேலைக்குப் போகும் நேரத்தில் தங்கச்சியை உட்காரவை. ஆள் உட்கார்ந்த பள்ளம் ரெக்சினில் தெரிய வேண்டும். உன் அக்கா கையை வைத்துச் சூடு பார்ப்பாள், அவ்வளவு கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் எழுந்து ஓடாதே. தங்கச்சி கதவைத் திறக்கட்டும். “அக்கா, இதுல உக்காராம எனக்குப் பொழுதே விடியாது” என்று சொல். இப்போதே கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகு. உன் அக்காவிடம் பொய் சொன்னால் உனக்குக் காது மடல் சிவந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொள். நான் எழுதியது அவளுக்குத் தெரியவேண்டாம். தெரிந்தால் அடுத்த பொறியில் இருக்கப்போவது என் பழைய பல்லாக இருக்காது.

தங்கச்சிக்கு என் அன்பு. பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நல்ல படிப்பும், பசித்த நேரத்துக்குச் சோறும், படுத்த உடனே தூக்கமும் எந்நாளும் கிடைக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் போட்டேன். ஒட்டுவதற்குப் பசை இல்லை. இந்த வீட்டில் பசை என்றால் ஷெட்டில்தான். உன் அக்கா போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பசை டப்பா அந்த மூடிய உருவத்தின் காலடியில் இருந்தது. எடுக்கக் குனிந்தபோது விரிப்பின் நுனி என் தோளில் மாட்டி, மொத்தமும் சரிந்து விழுந்துவிட்டது.

உன் அப்பாவின் கடைச் சட்டை, அந்த அரைக்கை வெள்ளைச் சட்டை, ஆர்மோனியத் துருத்தியின் மேல் போர்த்தியிருக்கிறது. கைகளுக்குக் குடைக்கம்பி. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. நடுவில் நாற்காலி நிற்க வேண்டிய இடம் காலி. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. கைப்பிடி என்று இருந்தால் சுற்றாமல் இருக்க முடியுமா? சுற்றினேன். சட்டை மூச்சு வாங்கிற்று. குடைக்கம்பி விரல்களில் கத்தரிக்கோல் காற்றில் கிச்சுக் கிச்சென்று வெட்டிற்று. பிறகு அந்தச் சட்டை லேசாக முன்னால் சாய்ந்து, இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம், இரண்டு கிருதாவும் சமமாக இருக்கிறதா என்று உன் அப்பா பார்ப்பாரே, அதே மாதிரி பார்த்தது. கண்ணாடிக்குள் கண்ணாடியாக அத்தனை அப்பாக்களும் சாய்ந்து பார்த்தார்கள். நம்பு, யாரும் அமுக்காமலேயே என் தலை குனிந்துவிட்டது. குனிந்ததால் கீழே பார்த்தேன். அவருடைய பழைய செருப்பு ஒன்று, ஒரு கம்பியின் முனையில், ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மிதிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது.

உன் அக்கா எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியவில்லை.

“நாற்காலியை அறுத்துப் போட்டுருவேன்னு நெனச்சீங்களா?”

“இறக்கை வெச்சுருவியோன்னு...”

“ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன். அப்படியே கொண்டாந்து வெக்கணும், அவ்வளவுதான். தம்பி அதுல உக்காந்து அப்பாவைப் பாத்தவன். நான் பின்னால நின்னு பாத்தவ. அப்பாவுக்குக் கால் வீங்கின நாள்ல பெடலை மிதிக்கறது நான்தான். அது அவனுக்குத் தெரியாது, முடி விழும்னு அப்ப கண்ணை மூடி உக்காந்திருப்பான்” என்றாள். பிறகு போல்ட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, “குடுக்க மாட்டேன்னு சொன்னா வற்புறுத்த மாட்டேன். அவனுக்கும் அப்பாதானே” என்றாள்.

எழுதியதைக் கிழித்துப்போட மனம் வரவில்லை; ஆனால் கடிதத்தில் சொன்ன அத்தனையையும் இப்போது அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தலையில் துண்டும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, துணியை எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல், அதற்குப் பின்னால் போய் நின்று, பெடலை ஒருதரம் மெதுவாக மிதித்துப் பார்.